ரோஜாச் சுவர்

விடிந்தும் விடியாததுமாக ஷர்வினி மூச்சுக்குத் திணறியபோது, மோகனா முதலில் ஆஸ்துமா பம்ப்பை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். அடுத்து ஜன்னலைத் திறந்தாள். அதுதான் குற்றமாகிவிட்டது!

“மழை இப்படிக் கொட்டுது, ஜன்னலத் தொறக்குறா பாரு! புள்ளையக் கொல்லப் பாக்குறியா?”

இருமிக்கொண்டே வந்து ஜன்னலைப் படாரென்று சாத்தினாள் பிரமிளா, மோகனாவின் கணவன் குணாளனுக்கு அக்கா. கையில் சாம்பிராணித் தட்டு. தாயில்லாத தம்பியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க மோகனா இருட்டோடு ஓடுவதால், ஐந்து வயது ஷர்வினி தூங்குவதும் எழுவதும் அத்தை அறையில்தான்.

“அண்ணி, புகை வேணாம்... ரூம்ல ஈரம் இருக்கான்னு பாக்கச் சொன்னாங்க டாக்டரு. எனக்கும் என்னவோ வாடை அடிக்குது...”

“என் ரூம்ல வாடையா? நீ வாங்கிக் குடுக்குற ஐஸ் மைலோவக் குடிக்கிறதுதான் காரணம்லா!”

அந்த அறையைக் குறை சொன்னால் பிரமிளாவுக்குப் பொறுக்காது. போன தீபாவளிக்கு, மேல் வீட்டுக் குழாய் ஒழுகிப் பொரிந்து உதிர்ந்த சுவரை மறைக்க ரோஜாப்பூ வால்பேப்பர் வாங்கி, ஸ்டூலில் ஏறி நின்று தானே ஒட்டினாள். ஷர்வினி கைதட்டிச் சிரித்தாள். இருமல் தொடங்கியதும் அந்தத் தீபாவளிக்குப் பிறகுதான். அந்த அறையில்தான் கோளாறு என்று மோகனா எத்தனை முறை சொன்னாள்! கேட்க ஆளில்லை.

“அக்கா சொல்றதக் கேளு மோகனா. ஒரு நாளாச்சும் சண்டை இல்லாம இருக்கக்கூடாதா?” என்றான் குணாளன். அவனுக்கு என்றைக்கும் அக்கா பேச்சுதான் வேதவாக்கு.

“புள்ளைய எங்கிட்ட விட்டுட்டு நீ மாக் மண்டின்ல உங்கம்மா வீட்டுக்குப் போயிரு. நாலு மாசம் உன் கை படாம இருந்தா எல்லாம் சரியாயிரும்!” என்றாள் பிரமிளா.

இத்தனை வருடம் எதிர்த்து நிற்காமல் எல்லாம் பொறுத்தாள் மோகனா... பெற்ற பிள்ளையையே விட்டுப் போவதா? குழந்தையைத் தூக்கிக் கணவன் கையில் கொடுத்தாள். கட்டிலைத் தள்ளினாள். வால்பேப்பரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

“ஐயோ, அதப் பிய்க்காத!”

ஆள் உயரத்துக்குக் கிழிந்து வந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சணம்! குழந்தை தலை வைக்கும் இடத்தில்தான் அது தடித்துப் படர்ந்திருந்தது. நாற்றம் தாங்காமல் குணாளன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஷர்வினியின் மூச்சு விசிலடிப்பது மட்டும் அறையில் கேட்டது.

“என் கையாலயே ஒட்டினேனே...” பிரமிளா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “புள்ள சிரிச்சான்னு ஒட்டினேனே... அதுக்கு மேல புகை வேற போட்டேனே, பாவி!” அழுகையோடு இருமலும் வந்து அவளை உலுக்கியது.

மோகனா துணிப்பையை எடுத்தாள்.

“மேல் வீட்டுக் குழாய் ஒழுகுறத அடைச்சு, இந்தச் சுவரு காயற வரைக்கும் எம்புள்ள இங்க தூங்க மாட்டா,” என்றாள் கணவனிடம்.

“இன்னைக்கே ஆள் கூட்டிட்டு வரேன்... என்னை மன்னிச்சிரு மோகனா,” என்றான் அவன், தலை நிமிராமல்.

“கூட்டிட்டுப் போம்மா...” பிரமிளாவின் குரல் உடைந்தது. “அப்பப்ப போன்லயாவது எனக்குக் காட்டு. அது போதும்.”

மோகனா குழந்தையின் உடுப்புகளை அடுக்கினாள். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு சேலைகளை எடுத்து அவற்றின் மேல் வைத்தாள்.

“அது என்னோடதும்மா...”

“தெரியும் அண்ணி. ஒரு வருசமா நீங்களும் இங்கதான படுத்தீங்க? உங்க இருமல், நீங்க சொல்ற மாதிரி சமையல் நெடியிலயா வந்துச்சு? கெளம்புங்க, மொதல்ல கிளினிக்.”

“உங்கம்மா வீட்டுக்கா... நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு...”

“என்னைப் போகச் சொன்ன வீடுதான? நான் கூப்பிடுறேன், வாங்க.”

பிரமிளா அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கையை நீட்டி, தான் சாத்திய ஜன்னலைத் திறந்துவிட்டாள்.