அடுத்துப் பாடுவது யார்

புதுச்சுவரில் பெயிண்ட் எல்லா இடத்திலும் காய்ந்துவிட்டது. ஒரு ஆள் சாய்ந்து உட்காரும் அகலத்துக்கு மட்டும் காயவேயில்லை. டிம்ஃப்னா விரல் வைத்துப் பார்த்தாள், ஈரம். விரலைத் துடைத்துக்கொண்டு பீர் ஊற்றப் போய்விட்டாள். கணவன் ஃபெர்கல் செத்ததிலிருந்தே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. அவன் வழக்கமாக உட்காரும் மூலையை இடித்து மேடை கட்டியபோதுகூட அழுகை வரவில்லை.

அயர்லாந்தின் கார்க் நகரத்துக் கோடை வெயில் சாயங்காலமாகியும் ஜன்னலை விட்டு இறங்காமல் கிடந்தது. அவள் புதுப்பித்த மதுக்கடையைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்திருந்தது. மகள் நீவ் தட்டோடு கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து வந்தாள். பிடில்காரர்கள் ஓய்ந்ததும் பாட்டு தொடங்கியது. பாடி முடித்தவர்தான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மறுக்கக் கூடாது, கூப்பிட்ட பெயரைத் திரும்ப வாங்கவும் கூடாது. அங்கே அதை யாரும் மீறியதில்லை.

கிழவர் மாலக்கி பாடி முடித்தார். வாய்ப்பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"ஃபெர்கல், எந்திரிடா! உன் முறை!"



"யோவ் பெருசு, அவன்தான் போய்ச் சேர்ந்துட்டானே. வேற ஆளக் கூப்பிடு," என்றான் ஒரு பிடில்காரன்.

"கூப்ட்டாச்சே. இனி என்னடா பண்றது?" என்றார் மாலக்கி.

அப்போது ஈரப் பெயிண்ட் வாடையோடு, சுவருக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. பிறகு பாட்டு. ஃபெர்கலின் பாட்டு, அவன் குரல் பிசிறும் அதே இடத்தில் பிசிறியது. ஒருவரும் எழவில்லை. பாட்டின் நடுவே எழுந்து போவது அங்கே வழக்கமில்லை.

டிம்ஃப்னாவுக்குப் பயம்கூட வேறு யாருக்கோ வருவது போலிருந்தது. பாட்டு முடியப்போகிறது. முடிந்தால் கூப்பிடும் உரிமை அவனுக்கு. என்னைக் கூப்பிடு. என்னை.

"நீவ் கண்ணு," என்றது சுவர். "வாம்மா."

"போகாதடி!"

"அப்பா கூப்ட்டாரேம்மா." நீவ் தட்டை வைத்துவிட்டு மேடையேறினாள்.

நன்றாகவே பாடினாள். ஒரு சரணம். அடுத்தது. நடுவில் மூச்சே இழுக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. உதடு நீலம். ஆஸ்பத்திரியில் துணி விலக்கிக் காட்டிய ஃபெர்கலின் முகம் அது. டிம்ஃப்னாவுக்கு அப்போதுதான் வலித்தது.

பாட்டு முடிந்தது. நீவ் அடுத்தவரைத் தேடினாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். டிம்ஃப்னா மட்டும் பள்ளிப் பிள்ளை மாதிரி கையை உயர்த்தினாள்.

"என்னக் கூப்பிடுடி!"

நீவின் பார்வை அவளைத் தாண்டி, ஒவ்வொரு முகமாக, நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது.