துளசிங்கத்தின் கை

உங்களை இன்னொரு மனிதர் கடைசியாகத் தொட்டது எப்போது?

பஸ்ஸில் இடித்தது, கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது விரல் பட்டது, இதெல்லாம் கணக்கில்லை. தொடவேண்டும் என்று நினைத்துத் தொட்டது. ஏசுதாஸுக்கு அந்தக் கேள்வி எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்து சலூனில், எல்லப்பன் அவன் தாடையைப் பிடித்து முகத்தை ஒருபக்கம் திருப்பியபோது வந்தது. யோசித்துப் பார்த்தான். போன மாதம் இதே நாற்காலியில், இதே எல்லப்பன். அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான்.

அவன் நாகர்கோவில் பக்கத்துக்காரன். கடற்கரையோரம் நடந்துகொண்டிருந்த பெரிய கட்டுமான வேலையில் கிரேன் ஓட்டினான். நாள் முழுக்க உயரத்தில், கூண்டுக்குள். கீழே இருப்பவர்கள் கையைக் காட்டுவார்கள், இவன் லீவரை இழுப்பான். பேச்சே கிடையாது. சாயங்காலம் லாரியில் செங்கல்பட்டுக்கு வந்து லாட்ஜ் அறையைத் திறந்தால் அங்கேயும் கிடையாது. மூன்று வாரமாக வலது தோள் பூட்டிக்கொண்டிருந்தது. கை மார்புக்கு மேலே எழவில்லை. திங்கட்கிழமை காலை டாக்டர் பரிசோதனை. கை தூக்காவிட்டால் வேலை இல்லை. ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். ஊரில் பூட்டிய வீடு ஒன்று இருந்தது. திறந்துவிட ஆள் இல்லை.

"தோளை இறுக்காத நைனா. கத்தி வெச்சிகினு கீறேன்" என்றான் எல்லப்பன்.

"இறுக்கல்லே அண்ணே. அது அப்படியே இருக்கு. தூக்க முடியல்லே."

காத்திருந்தவர்கள் பெஞ்சியில் பேச்சு உடனே சூடு பிடித்தது. சைக்கிள் கடை சௌகத் அலி மாதம் ஒருமுறை சாமான் வாங்க மெட்ராஸ் போகிறவர். பத்திரப்பதிவு ஆபீஸ் குமாஸ்தா கோதண்டராமனுக்குக் கழுத்து வலி. இருவருக்கும் பட்டணத்து மசாஜ் பார்லர்கள் எல்லாம் அத்துப்படி.

"மவுண்ட் ரோடாண்ட மாடியில ஒண்ணு கீது" என்றார் சௌகத் அலி. "படி ஏறும்போதே சென்ட்டு வாசனை தூக்கும். 'பவுடரா, ஆயிலா'ன்னு இங்கிலீஷ்ல கேட்டான். பவுடர்னேன். ரொட்டிக்கு மாவு தடவற மாதிரி ரெண்டு பக்கமும் தடவி அனுப்சிட்டான். வூட்டுக்கு வந்தா என் பொண்டாட்டி, 'எந்த டிராமாவுல வேஷம் கட்னீங்க'ன்றா."

"எக்மோர்ல ஒருத்தன் இருக்கான் சார்" என்றார் கோதண்டராமன். "காதுகிட்ட ரேடியோ. கிரிக்கெட் கேட்டுண்டே பிசையறான். விக்கெட் விழுந்தா என் கழுத்துல இடி. அன்னிக்கின்னு பார்த்து ஆறு விக்கெட்."

"நான் சும்மா தலையில தட்டினா குறட்டை வுடறீங்க. மெட்ராஸ்காரன் கழுத்தை ஒடிச்சா கதை சொல்றீங்க" என்றான் எல்லப்பன். எல்லோரும் சிரித்தார்கள். ஏசுதாஸும் சிரித்தான், கத்தி எடுத்த பிறகு.

"தோளுக்குன்னா மெட்ராஸ் வாணாம்" என்றார் சௌகத் அலி. "மாபலிபுரத்துல துளசிங்கம்."

சிரிப்பு நின்றது. யாரோ ரேடியோவை அணைத்ததுபோல நின்றது. சௌகத் அலி சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கோதண்டராமனும் நிமிர்ந்தார். இருவரும் ஒரே சமயத்தில் அதைச் செய்தார்கள். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏசுதாஸுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

"கை குணமாவும். அதுல சந்தேகமே இல்ல" என்றார் சௌகத் அலி. "அவன் தொழில் ஒரு மாதிரி. ஒரு கை எப்பவும் உன் உடம்பு மேல இருக்கும். எண்ணெய் எடுக்கச் சொல்லோகூட ஒரு கை இங்கியே இருக்கும். முடிஞ்சதும் 'எடுக்கட்டுமா'ன்னு கேப்பான். 'எடு'ன்னு சொல்லிடணும் அண்ணாத்த. அவ்ளோதான்."

"சொல்லலேன்னா?"

"ஏன் சொல்லாம இருப்ப?"

கோதண்டராமன் தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அசதி. சொல்லக் கொஞ்சம் லேட்டாயிடுத்து. மூணு வாட்டி கேட்டான் சார். மூணாவது வாட்டி அந்தக் குரல்ல ஒரு ஆசை இருந்தது. பசிச்சவன் இலையைப் பார்க்கற மாதிரி. நான் எடுன்னு கத்திட்டேன்."

"அப்புறம்?"

"கழுத்து சரியாப் போச்சு. மறுபடி நான் போகலை."

மத்தியானம் ஏசுதாஸ் பஸ் ஏறினான்.

சிற்பிகளின் பட்டறைகளைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் ஒற்றையடி மணலில் கொஞ்ச தூரம் நடந்தால் துளசிங்கத்தின் ஓலைக் கொட்டகை. மழை வருவதற்கு முந்தின வெளிச்சம், வெயிலும் இல்லாமல் இருட்டும் இல்லாமல், பழைய பித்தளைப் பாத்திரத்தின் நிறத்தில் தோப்பு முழுக்கத் தேங்கிக் கிடந்தது. பட்டறைகளிலிருந்து உளி கல்லில் விழும் சத்தம் டக், டக் என்று வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கடல், அதற்கும் பின்னால் சவுக்கு ஊசிகளுக்குள் நுழைந்து வெளிவரும் காற்றின் இரைச்சல். வாசலில் நீள முடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். ஏசுதாஸைப் பார்த்துப் புன்னகைத்தான். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

துளசிங்கத்துக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. கைகள் மட்டும் வேறு யாருடையவோ மாதிரி அகலமாக இருந்தன. முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நின்றான், சுமை தூக்குகிறவன் நிற்பதுபோல.

"சட்டையைக் கயிட்டு. குப்புறப் படு."

பலகை எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. நல்லெண்ணெயும் நொச்சியும் கற்பூரமும் கலந்த வாசனை. அதன் அடியில் வேறொன்று, நாள்பட்டுப் பூட்டிய அறையைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு கை வந்து அமர்ந்தது. அமுக்கவில்லை. சும்மா இருந்தது.

"எந்த ஊரு?"

"நாகர்கோவில் பக்கம்."

"வூட்ல யாரு கீறாங்க?"

"யாருமில்லே."

"இங்க?"

"இங்கயும்தான்."

கை ஒரு கணம் நின்றது. பிறகு வேலை தொடங்கியது. அந்த விரல்கள் தோள்மூட்டின் அடியில் நுழைந்து, எலும்புக்கும் சதைக்கும் நடுவில் மூன்று வாரமாக இறுகிக் கிடந்ததை ஈரத் துணியைப் பிரிப்பதுபோல ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தன. எண்ணெய்க் கிண்ணத்துக்கு ஒரு கை போகும்போதெல்லாம் மற்றது முதுகிலேயே இருந்தது, எங்கேயும் போகவில்லை, இதோ இருக்கிறேன் என்று சொல்வதுபோல. உளிச் சத்தம் தூரமாகப் போனது. கடலும் போனது. ஏசுதாஸ் அழுதுகொண்டிருந்தான். மூக்கிலிருந்து பலகையில் சொட்டியது. அம்மா போன பிறகு அவன் அழுதது அதுதான் முதல் தடவை. கை அதற்காக அவசரப்படவுமில்லை, கேள்வி கேட்கவுமில்லை.

வெகுநேரம் கழித்து இரண்டு கைகளும் நின்றன. ஒன்று எழுந்தது. ஒன்று இருந்தது.

"எடுக்கட்டுமா?"

அவனுக்குச் சலூன் ஞாபகம் வந்தது. சொல்லவேண்டிய வார்த்தை வாயிலேயே இருந்தது. எடு என்றால் சட்டை, பஸ், லாட்ஜ், இரும்புக் கட்டில்.

"எடுக்கட்டுமா?"

சவுக்கு இரைந்தது.

"எடுக்கட்டுமா அண்ணாத்த?"

"இருக்கட்டும்" என்றான் ஏசுதாஸ். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

தலைக்கு மேலே ஒரு மூச்சு வெளியே வந்தது. நீளமாக. பிறகு அமைதி. கை இருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் கனமாக, கொஞ்சம் சூடாக. அவன் கண்ணை மூடியே கிடந்தான்.

வெளியே யாரோ இருமினார்கள்.

தீக்குச்சி கிழிக்கும் சத்தம். பீடி வாசனை.

ஏசுதாஸ் கண்ணைத் திறந்தான். பலகை விளிம்புக்கு அப்பால், வாசலுக்கு வெளியே, பத்தடி தூரத்தில், துளசிங்கம் மணலில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் தீக்குச்சி. இன்னொரு கை காற்றுக்கு மறைப்பாகக் குவிந்திருந்தது.

முதுகில் கை இருந்தது.

கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. தடவிக்கொடுப்பதுபோல.

அவன் உருண்டு கீழே விழுந்தான். எழுந்தான். திரும்பிப் பார்த்தான். கொட்டகையில் யாரும் இல்லை. கை கூடவே வந்தது. அதே இடத்தில். தோள்பட்டைகளுக்கு நடுவில்.

"அண்ணே! எடுங்க! எடுத்துடுங்க!"

துளசிங்கம் திரும்பவில்லை. பீடியை மணலில் குத்தினான். பிறகு, பயந்து பயந்து, குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவன்போல, மல்லாந்து படுத்தான். முதுகு முழுக்க மணலில் பட்டது. அவன் முகம் சுருங்கி விரிந்தது. சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை.

"பதினோரு வருசம்" என்றான் வானத்தைப் பார்த்து. "மல்லாந்து படுத்துப் பதினோரு வருசம் ஆச்சு அண்ணாத்த."

"எடுன்னு சொல்லிட்டேன் அண்ணே."

"என்னாண்ட இன்னாத்துக்குச் சொல்ற? எங்கிட்டதான் இல்லியே."

சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏசுதாஸ் தோப்புக்குள் ஓடினான். ரோட்டுக்கு வந்தபோதுதான் கவனித்தான். வழியெல்லாம் கிளைகளை விலக்க வலது கை தலைக்கு மேலே சுலபமாக எழுந்திருந்தது. வலி துளிகூட இல்லை.

பஸ்ஸில் சாய்ந்து உட்கார முடியவில்லை. சாய்ந்தால் சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் அது. திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது. அவன் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. நின்றுகொண்டு வந்தார்களே தவிர யாரும் உட்காரவில்லை. ஒரு அம்மா உட்காரப் போனாள். பிறகு, "ஆள் கீதுபோல" என்று நகர்ந்தாள்.

சலூனில் எல்லப்பன் கடை சாத்தக் கதவுப் பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தான். விளக்கு எரிந்தது.

"என் முதுகுல என்ன இருக்குன்னு பாருங்க அண்ணே."

"இன்னா, எறும்பு கடிச்சிதா?" எல்லப்பன் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லியே. சுத்தமா கீது. எண்ணெய்தான்."

"தொட்டுப் பாருங்க."

"பேஜாரு புடிச்ச மனுசன்யா நீ" என்று எல்லப்பன் கையை வைத்தான்.

வைத்த கை ஒரு நொடி இருந்தது. கண்ணாடியில் எல்லப்பனின் முகத்தை ஏசுதாஸ் பார்த்தான். அதிலிருந்த சிரிப்பு வடிந்தது. கையை உடனே எடுக்கவில்லை. எடுக்க முயன்றான், எதுவோ விரல்களைப் பிடித்திருந்ததுபோல இழுத்து உருவினான்.

"நைனா." எல்லப்பன் குரலைத் தாழ்த்தினான். "அங்க ஒரு கை கீது."

"எடுக்கச் சொல்லுங்க அண்ணே. நீங்க சொல்லுங்க."

எல்லப்பன் கையைத் துண்டில் துடைத்தான். மறுபடி துடைத்தான். பின்னால் நகர்ந்து நாற்காலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"நீ இனிமே இங்க வராத" என்றான். "கோச்சிக்காத. உன் காசு எனக்கு வாணாம். வேற கடைக்குப் போ. யாரும் உன்னைத் தொடவும் வாணாம்."

அறைக்கு வந்தான். கதவைத் தாளிட்டான். பல்பைப் போட்டான். அறையின் மௌனம் வழக்கம்போல இல்லை. யாரோ பேசாமல் இருக்கும் மௌனம்.

"எடு."

கை இருந்தது.

"எடுத்துடு. போதும்."

இருந்தது.

சுவரில் முதுகைத் தேய்த்தான். சுண்ணாம்பு உதிர்ந்தது. தோல் எரிந்தது. கை எரியவில்லை. பக்கெட்டுத் தண்ணீரை ஊற்றினான். முதுகெல்லாம் குளிர்ந்தது. அந்த ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக.

கட்டிலில் குப்புற விழுந்தான். வேறு எப்படியும் படுக்க முடியாது.

அப்போது அது தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. மெதுவாக. தூளியில் கிடக்கும் குழந்தையைத் தட்டுவதுபோல. தட், தட். அவன் தலையணையைக் கடித்தான். தட், தட். பயம் போகவில்லை. ஆனால் தோள் தளர்ந்தது. கழுத்து தளர்ந்தது. உடம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. உடம்புக்கு அது பிடித்திருந்தது.

எடு என்று இன்னொரு முறை சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்.

சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்த அந்த நேரத்தில், தலைமாட்டில், அவன் முடிமேல், இரண்டாவதாக ஒரு கை வந்து அமர்ந்தது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு வேலைத்தளத்து டாக்டர் அவனைப் பரிசோதித்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். தாளில் எழுதிக்கொண்டே, வலது கையைத் தூக்கச் சொன்னார். ஏசுதாஸ் தூக்கினான். கை காதை உரசிக்கொண்டு நேராக மேலே போனது. டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்து, வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒரு கை போதும்பா, மத்ததை எல்லாம் இறக்கு" என்றார். ஏசுதாஸ் ஒரு கையைத்தான் தூக்கியிருந்தான். இடது கை அவன் மடியில் இருந்தது.