பரிவுச் செம்மலின் மலையேற்றம்

மனிதகுலத்தின் நெடும்பயணத்தில் கடைசிச் சுவரும் இடிந்துவிட்டது. இனி ஒருவர் இன்னொருவரின் புலன்களாலேயே உலகை உணரலாம். இடிந்த மறுவாரமே மலைச்சாரல் அறப்பணிச் சங்கம் கூடி, உணர்வதை இட்லிக்கு முன்பு வைத்துக்கொள்வதா பின்பா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தது. பின்பு என்று முடிவாயிற்று.

தலைவர் தாண்டவமூர்த்தி மூன்றாவது வடையையும் முடித்துவிட்டுத்தான் உணர்மாற்றிப் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆதரவாக ஆறு கிலோமீட்டர் மலையேற்றம். வழிகாட்டி எழினிக்கு ஆட்டிசம் உண்டு. ஒலி, ஒளி, தொடுகை எல்லாம் அவள் மூளையை எப்படி எட்டுமோ, பட்டை கட்டியவரையும் அப்படியே எட்டும். கட்டியிருக்கும்வரை நெற்றியில் பச்சை விளக்கு எரியும். அது அணையாமல் உச்சியைத் தொடுபவருக்குப் 'பரிவுச் செம்மல்' பட்டம். பட்டத்தை உருவாக்கியவர் தாண்டவமூர்த்தி. வாங்கப்போகிறவரும் அவர்தான், வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகைகூடச் செய்தாகிவிட்டது.

"சார், அந்த மேளத்த நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் எழினி. காதில் பெரிய காதடைப்பான் போட்டிருந்தாள். சங்கம் கொடுத்த நினைவுச் சட்டையின் கழுத்து லேபிளைக் கத்தரித்து எறிந்திருந்தாள்.

"உங்களுக்காகத்தாம்மா மேளமே!"

"எனக்கு மேளம் புடிக்காது."

"பாவம், சொல்லத் தெரியல," என்று தொண்டர் ஜெசிந்தாவிடம் சொன்னார், எழினி அங்கே இல்லாததுபோல. பிறகு பட்டையை இயக்கினார்.

மேளம் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் போட்டிருந்த நினைவுச் சட்டையின் கழுத்து லேபிள் ரம்பமாயிற்று. அவரே பூசியிருந்த ஜவ்வாது அவரையே துரத்தியது. "பரிவே வா! பரிவே வா!" என்று ஒலிபெருக்கி அலறியது. அவர் இயற்றிய முழக்கம். அதை எழுதியவனைக் கொல்லவேண்டும்போலிருந்தது.

இருந்தும் நடந்தார். வாசலில் பலகை மாட்ட ஆணிகூட அடித்தாகிவிட்டதே.

நாலாவது கிலோமீட்டரில் வாய் திறந்தார். சொற்கள் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தன. "நி... நிறுத்து..."

"சார் என்னமோ கேக்கறாரே! என்ன வேணுமாம் சாருக்கு?" என்று ஜெசிந்தா மற்றவர்களைக் கேட்டாள். பிறகு அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "இங்க பாருங்க சார்! கண்ணப் பாத்துப் பேசணும்! எங்க, ஒரு தடவ கைதட்டலாமா?" எல்லாம் பயிற்சிக் கையேட்டில் உள்ளபடிதான். கையேடும் அவர் எழுதியதே.

எழினி திரும்பி வந்தாள். "சட்டையக் கழட்டுங்க. காதப் பொத்திக்குங்க. பேசாதீங்க."

செய்தார். கொஞ்சம் உயிர் வந்தது.

"உங்களுக்கு... எப்பவும்... இப்படியாம்மா?"

"இல்ல. நான் மேளத்தோட மலையேற மாட்டேன்," என்றுவிட்டு அவள் முன்னே போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், நேரலைக்காகச் சுற்றிக்கொண்டிருந்த பறக்கும் படக்கருவி விர்ரென்று அவர் மூக்கு நுனிக்கு வந்தது. தாண்டவமூர்த்தி அலறினார். தண்ணீர்ப் புட்டியை அதன்மேல் வீசினார். குறி தவறிப் புட்டி மேளக்காரரின் முதுகில் விழுந்தது. மேளம் நின்றது. அதுவரை யார் சொல்லியும் நிற்காத மேளம்.

இரண்டு தொண்டர்கள் அவரது தோள்களைப் பற்றினார்கள்.

"விடுங்கடா! விளக்கு... எரியுது பாரு! இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்!"

"விதி எட்டு, சார்," என்றாள் ஜெசிந்தா, காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்க, மெதுவாக. "நிகழ்ச்சியின் மாண்பைக் குலைப்பவர்களை அன்போடு கீழே இறக்கிவிடவும். நீங்க போட்ட விதிதான்."

"அது... அவங்களுக்கு!"

"ஆமா சார். எழினி மாதிரி இருக்கறவங்களுக்கு. இன்னிக்கு நீங்களும் அப்படித்தான? நம்ம சங்கத்துக்கே பெருமை சார்!" என்று கன்னத்தைத் தட்டி, கையில் ஒரு சாக்லேட்டை வைத்தாள்.

வளைவில் வேன் காத்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தபடியே அவரை ஏற்றினார்கள். உள்ளே துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் நெற்றியில் பச்சை விளக்கோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உடம்பிலும் சட்டை இல்லை.