காணாமல் போன கிழக்கு

"நாலு மணிக்கு எங்க ஆபீஸை மூட உத்தரவு போட்டுடுவாங்க. பதினோரு பேருக்கு வேலை போயிடும். நான் பொய் அறிக்கை காட்டினேன்னு கெட்ட பேர் வேற" என்றபடி வந்து உட்கார்ந்தார் கிழக்கு மண்டல மேலாளர். அப்போது மணி இரண்டரை.

குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் அது. இந்த மாதம் கிழக்கில் முடித்த வேலைகள் 412 என்றது மேலாளர் அம்மாள் கொண்டுவந்த அச்சுப் பிரதி. இயக்குநரின் திரையிலோ அதே அறிக்கையில், அதே மாதத்துக்கு, கிழக்கைத் தேர்ந்தெடுத்தால் பூஜ்யம்.

கேட்டுக்கொண்டிருந்தவருக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். அறிக்கைகளில் எண்கள் எங்கே சிக்கின, எங்கே ஒழுகின என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. கூடவே ஒட்டிக்கொண்டு அலைபவள் அவருடைய நாத்தனார். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, அறிக்கை தயாரிக்கிற ஆளோட கைவரிசைதான் இது. எழுதி வச்சுக்குங்க."

"அந்த ஆளை நீ இன்னும் பார்க்கவே இல்லை. முதல்ல செருப்பை மாட்டு."

இயக்குநரின் அறையில் பெயிண்ட் வாசனை போகவில்லை. மூலையில் பிரிக்காத பெட்டிகள். மேல் பெட்டியிலிருந்து பழைய பெயர்ப்பலகை எட்டிப் பார்த்தது: 'மேற்பார்வையாளர், வடக்கு, தெற்கு, மேற்கு'.

"பதவி உயர்வு வந்து பத்து நாள்தான் ஆச்சு" என்றபடி இயக்குநர் தன் பாஸ்வேர்டைத் தட்டினார். வடக்கு, தெற்கு, மேற்கு மூன்றும் சரியாக வந்தன. கிழக்கு பூஜ்யம். "மூணுக்கு உண்மை பேசுற அறிக்கை ஒண்ணுக்கு மட்டும் பொய் பேசுமா?"

அங்கே வரவழைத்திருந்த அறிக்கை தயாரிப்பாளர் சல்லடையின் பக்கம் திரும்பினார். "தினமும் சரி பார்க்கிறேன் மேடம். என் கம்ப்யூட்டர்ல 412தான் வருது."

நாத்தனார் அண்ணியின் விலாவில் இடித்தாள். சல்லடை கண்டுகொள்ளவில்லை.

"யாரோட பாஸ்வேர்டுல சரி பார்ப்பீங்க?"

"என்னோடதுலதான்."

மணி மூன்றரை. சல்லடை எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரச் சொன்னார்.

"யாரும் பொய் சொல்லலை. இதுல ரெண்டு ஃபில்டர் இருக்கு. மண்டலத்தை நாம தேர்ந்தெடுக்கிறது ஒண்ணு, அது கண்ணுக்குத் தெரியும். இன்னொண்ணு தெரியாது. யார் எந்த மண்டலத்தைப் பார்க்கலாம்னு உள்ளே ஒரு பட்டியல் இருக்கும். திறக்கிற ஆளைப் பொறுத்து அது முன்னாடியே வடிகட்டிடும். சார், உங்க நாற்காலி மாறிடுச்சு, பட்டியல் மாறலை. உங்க பேருக்கு நேரா அந்தப் பெயர்ப்பலகையில இருக்கிற மூணு மண்டலம்தான் இருக்கும். அறிக்கை தயாரிக்கிற இவருக்கு நாலும் தெரியும். அதனாலதான் தினமும் பார்த்தும் தப்பு அகப்படலை."

தயாரிப்பாளர் பட்டியலைத் திறந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கிழக்கைச் சேர்த்தார். இயக்குநர் அறிக்கையிலிருந்து வெளியேறி, மறுபடி பாஸ்வேர்டைத் தட்டி நுழைந்தார்.

கிழக்கு: 413.

இயக்குநரின் புருவம் ஏறியது. "412ன்னுதானே சொன்னீங்க?"

மேலாளர் குனிந்து கடைசி வரியைப் படித்தார். வேலை முடிந்த நேரம் இன்று மூன்று பத்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆபீஸை மூடப் போறாங்கன்னு காலையிலேயே எங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன் சார். அதுக்கப்புறமும் ஒருத்தர் போய் ஒரு பெட்டியைச் சரி பண்ணியிருக்கார்."

இயக்குநர் தொலைபேசியை எடுத்தார்.

"உங்க ஆபீஸ் நம்பர்கூட எனக்குத் தெரியாதும்மா. சொல்லுங்க, ஆபீஸை மூடலைன்னு அவங்ககிட்ட நானே பேசறேன்."