மூன்று நரிகளும் ஒரு கூண்டும்

"ஒரே நரியக் காட்டி மூணு தடவ கூலி வாங்கியிருக்கான் சார், அந்த டெரிக்!"

முன்னால் வைத்த தேநீரைத் திருமதி டாரன்ட் தொடவே இல்லை. அவருடைய பிரிஸ்டல் நகர வீட்டுத் தோட்டத்தில், நரி பிடிக்கும் தொழில் செய்யும் டெரிக் இந்த வசந்தத்தில் மூன்று முறை கூண்டு வைத்திருந்தார். மூன்று முறையும் முதல் இரவிலேயே நரி அகப்பட்டது; அதைக் கொன்றுவிட்டதாகச் சொல்லி எடுத்துப் போனார். சில நாளில் தோட்டத்தில் மறுபடியும் ஒரு நரி.

"இன்னைக்குச் சாயங்காலம் தெருக்காரங்க கூட்டம். அங்க போட்டு உடைக்கப் போறேன். அப்புறம் ஒருத்தரும் அவனக் கூப்பிடமாட்டாங்க."

துப்பறிவாளர் ஆம்ப்ரோஸ் மேல்கோட்டை மாட்டிக்கொண்டார். அவருடைய உதவியாளர் இமோஜென் வாசலை அடைவதற்குள் வழக்கை முடித்துவிட்டாள்.

"அதே நரிய அவரோட வேன்லயே ஒளிச்சு வச்சிருப்பார் சார்."

"அந்த நாத்தத்தோட யாரும்மா வண்டி ஓட்டுவா?"

திருமதி டாரன்ட்டின் தோட்டத்தில் டெரிக் தன் கூண்டோடு காத்திருந்தார், முகம் வெளுத்திருந்தது. "இருபது வருஷமா இந்தத் தொழில்தான் சார். பொய் சொன்னதில்ல."

புல்தரை நடுவே கனமான மரத்தட்டு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. திருமதி டாரன்ட் அதை எடுத்து வேலியோரம் வைத்தார்.

"முள்ளெலிகளுக்குச் சாப்பாடு வைக்கிறது. பாவம், அழிஞ்சிட்டே வருதுங்க. ராத்திரியானா தட்ட எங்கயாவது இழுத்துப் போட்டுடுதுங்க."

ஆம்ப்ரோஸ் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இமோஜென், ஒருதடவ கூண்டுல மாட்டுன நரி, மறுபடி பார்த்ததும் உள்ள போயிடுமா?"

"கிட்டயே வராது சார்." அவள் சட்டென நின்றாள். "ஆனா மூணு தடவயும் முதல் ராத்திரியே... அப்ப மூணும் வேற வேற நரி!"

டெரிக் பெருமூச்சு விட்டார்.

"அப்ப இத்தன நரி எங்கிருந்து சார் வருது?" என்றார் திருமதி டாரன்ட்.

"பக்கத்துத் தெருவுலேருந்துதான் மேடம். ஒண்ணு போனா அதோட இடம் காலி. சாப்பாடும் இருந்தா இன்னொண்ணு குடி வந்துடும்." ஆம்ப்ரோஸ் தட்டை எடுத்து நீட்டினார். "கையளவு முள்ளெலி இந்தக் கனத்தப் புல்லு நடுவுக்குக் கொண்டுபோகுமா?"

தட்டின் விளிம்பில் கூரிய பல் தடங்கள். திருமதி டாரன்ட் வெகுநேரம் அவற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாலைக் கூட்டத்தில் டெரிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திருமதி டாரன்ட் எழுந்தபோது டெரிக் தன் தொப்பியைக் கசக்குவதை இமோஜென் கவனித்தாள்.

"நம்ம தெருவுல ஒருத்தர் தினமும் நரிக்கு விருந்து வைக்கிறாங்க," என்றார் திருமதி டாரன்ட். தலைகள் அக்கம்பக்கம் திரும்பின. "அது நான்தான். முள்ளெலிக்குன்னு நெனச்சேன். டெரிக் மேல ஒரு தப்பும் இல்ல. நான் அவரச் சந்தேகப்பட்டதுதான் தப்பு."

ஜன்னலோரம் ஒரு கை தயங்கி உயர்ந்தது.

"முள்ளெலிக்கு... நாங்களும் வைக்கிறோம்."

அடுத்து ஒரு கை. அதற்கடுத்து இரண்டு. டெரிக் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார்.