விழாத இளங்கொடி

மகுடேஸ்வரனின் கட்டைவிரலில் இருந்த வெட்டு வலிக்கவில்லை. கத்தரி ஆழமாகத்தான் இறங்கியிருந்தது. நாலு நாளாகியும் வீக்கமில்லை, சிவப்பில்லை, ஆறவும் இல்லை. தண்ணீரில் ஊறிய துணிபோல வெளுத்துத் திறந்தே கிடந்தது. வேறொருவர் என்றால் பயந்திருப்பார். அவரோ அதைத் தன் உடம்பின் பெருமையாக எடுத்துக்கொண்டார். பனியன் கம்பெனி முதலாளிக்குப் புண்கூட மரியாதை கொடுக்கும் என்று நினைக்கிற ஆள் அவர்.

ஊத்துக்குளிப் பக்கம் கட்டிய புது வீட்டுக்குள் சொந்த மாடுதான் கன்றோடு முதலில் நுழைய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கட்டுத்தறியில் சினை மாடு இருந்தது. ஆனால் அது ஈனுவதற்கு இன்னும் மூன்று வாரம் கிடந்தது. ஷிப்மென்ட் தேதியை ஒருநாளும் தள்ளிப்போடாத மனிதர் ஒரு மாட்டுக்காகவா முகூர்த்தத்தைத் தள்ளுவார்? சந்தையில் ஓர் ஊசிக்காரனைப் பிடித்து, முன்கூட்டியே ஈன வைக்கும் ஊசியைப் போடச் சொன்னார். கன்று வந்துவிட்டது. பின்னால் விழ வேண்டிய நஞ்சுக்கொடி, அந்த இளங்கொடி, விழவில்லை.

கால்நடை டாக்டர் சித்ரகலா வந்து பொறுமையாக விளக்கினார். ஈனும் நேரத்தில் மாட்டின் ஹார்மோன்கள் தலைகீழாக மாறும், ரத்தத்தின் வெள்ளணுக்களும் அந்த மாற்றத்துக்குத் தக்கபடிதான் நடக்கும். கொடி இனித் தன்னுடையதல்ல என்று கண்டுகொண்டு அதைக் கழற்றி விடுவதில் அந்த அணுக்களுக்குப் பெரிய பங்குண்டு. ஊசியால் அவசரப்படுத்தியதில் அவை மந்தித்துப் போயிருக்கின்றன. கொடியை வெட்டவும் கூடாது, இழுக்கவும் கூடாது என்றார். மகுடேஸ்வரன் கொட்டாவி விட்டார்.

"அம்மிணி, ஆயிரம் பேர்த்த வேல வாங்கறவன் நானு. எனக்குப் பாடம் நடத்தாதீங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கட்டுத்தறி வேலை பார்க்கும் கன்னையன், விழும் கொடியை வழக்கப்படி பொதிந்து ஆலமரத்தில் கட்டுவதற்காகச் சாக்கும் வைக்கோலும் எடுத்து வைத்துக் காத்திருந்தான். குடிபுகும் காலையிலும் சாக்கு வெறுமையாகவே இருந்தது. வந்தவர்கள் முன்னால் மாடு இப்படித் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் அசிங்கமல்லவா? கன்னையன் தொடமாட்டேன் என்றதும், பனியனில் பிசிறு வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து முதலாளியே வெட்டினார். விரல் அப்போதுதான் அறுபட்டது. மாட்டுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கொடியின் மிச்சத்துக்கு சென்ட் அடித்தார். சொந்தபந்தமெல்லாம் மூக்கு நிறைய மூச்சிழுத்துப் புகழ்ந்துவிட்டுப் போனது.

மறுநாள் கன்று செத்தது. தாய் மாடு ஒரு முறைகூடக் கத்தாமல் அசைபோட்டுக்கொண்டே நின்றது. மனைவி தெய்வாத்தாள் கூப்பிட்டதால் சித்ரகலா மறுபடியும் வந்தார். தெர்மாமீட்டரைப் பார்த்த அவர் முகம் மாறியது.

"காய்ச்சலே இல்லீங்க. உள்ள அத்தனையும் அழுகிக் கெடக்குது, ஒடம்பு அதோட சண்டையே போடல. நான் இப்படிப் பார்த்ததில்லீங்க." அவர் பார்வை மகுடேஸ்வரனின் விரலுக்குப் போனது. "அந்தக் கையோட இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உசுருக்கே ஆபத்தாயிரும்."

மகுடேஸ்வரன் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நாற்றம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பெயின்ட் என்றார். சாக்கடை என்றார். வேலையாட்கள் குளிப்பதில்லை என்றார். பினாயில் ஊற்றிக் கழுவிய தரையில், ஊதுபத்திப் புகைக்கு அடியில், இனிப்பும் அழுகலும் கலந்த ஈர வாடை அவர் போகிற அறைக்கெல்லாம் பின்னாலேயே வந்தது. தெய்வாத்தாள் தாங்காமல் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். புது வீட்டில் விளக்கு அணையக்கூடாது என்று அவர் மட்டும் தங்கினார். உண்மையில், பொம்பளை பேச்சுக்கு வெளியேறினான் என்று ஊர் சொல்லிவிடுமே என்ற வீம்பு.

நாலாம் நாள், மழை மூடிய சாயங்காலம். ஹாலில் உட்கார்ந்திருந்தார். கட்டுத்தறியிலிருந்து அசைபோடும் சத்தம் வந்துகொண்டிருந்தது, நின்றது, பிறகு வாசல் கிரானைட்டில் குளம்பு பட்டது. கன்னையனைக் கூப்பிட்டார். இன்னொரு குளம்பு.

விரலைப் பார்த்தார். வெட்டின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது.

நூல்தான். நூலாகத்தான் இருக்கும். வாழ்நாளெல்லாம் நூலோடு கிடந்தவர், பழக்கதோஷத்தில் நுனியைப் பிடித்து இழுத்தார்.

வந்தது.

வலிக்கவில்லை. ஒரு முழம் வந்தது. கனமாக, வழவழப்பாக, ஈரமாக, அந்தக் கொடியைப் போல. நிறுத்த நினைத்தார். கை நிற்கவில்லை. பின்னல் துணியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் வரிசையாக எல்லாம் அவிழும். அவருக்குத் தெரியும். மடியில் குவிந்தது. தரையில் வழிந்தது. மணிக்கட்டு தொளதொளத்தது. முழங்கையும்.

ஆஸ்பத்திரி. போன். எந்தக் கையால்?

மாடு ஹாலுக்குள் வந்துவிட்டது. நெற்றியில் குடிபுகும் அன்று வைத்த குங்குமம் இன்னும் காயவில்லை. குனிந்து முகர்ந்தது. செத்த கன்றுக்குக் கத்தாத மாடு, தொண்டைக்குள் மெல்லக் குரல் கொடுத்தது, ஈன்றவுடன் கன்றைக் கூப்பிடும் அந்தக் குரலில்.

பிறகு அவர் முகத்தை நக்கித் துவட்டத் தொடங்கியது.