பின்பாரம்

வெளிச்சம் சுவரில் முழங்கால் உயரத்தில் விழ வேண்டும். இடுப்பு உயரத்தில் விழுந்தது.

பெரியவர் தராசு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி நாலுதான். ஆனால் மழை கட்டிக்கொண்டு வந்ததில் தெருவே மங்கிப்போய், வீட்டுக்கு எதிரே இருந்த காரை பெயர்ந்த சுவரில் காரின் இரண்டு விளக்கும் இரண்டு மஞ்சள் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் மூக்கைத் தூக்கும், விளக்கு எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும். அதைச் சரிசெய்யத்தான் டேஷ்போர்டின் ஓரத்தில் கட்டைவிரலால் உருட்டுகிற ஒரு சின்னச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண். கனம் கூடினால் எண்ணைக் கூட்ட வேண்டும், வெளிச்சம் இறங்கும். இன்றைக்கு ஏற்றிய சாமானுக்கு ஒன்று போதும். ஒன்றில்தான் வைத்திருந்தார்.

கணக்கில் பிசகிவிட்டதோ என்று நினைக்க அவரால் முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். எதைத் தூக்கினாலும் இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார், அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும். அப்படி வந்த பேர்தான் தராசு. பெற்றவர்கள் வைத்த பேரை ரேஷன் அட்டையில் பார்த்தால்தான் அவருக்கே ஞாபகம் வரும். தையல் மிஷின், இரண்டு டிரங்குப் பெட்டி, பாத்திர மூட்டை, துணி அட்டைப்பெட்டிகள், மடக்குக் கட்டில் எல்லாம் சேர்த்து நூற்று நாற்பதுக்கு மேல் ஒரு குண்டுமணி இருக்காது. பின்சீட்டை மடக்கிப் போட்டு, கனமானதை அடியில் முன்சீட்டின் முதுகோடு முட்டக்கொடுத்து, லேசானதை மேலே அடுக்கி, பின்கண்ணாடியை மறைக்காமல் பார்த்து, குறுக்கே இரண்டு பட்டையும் இழுத்துக் கட்டியிருந்தார். எவ்வளவு வேகமாக பிரேக் போட்டாலும் ஒரு டம்ளர்கூடப் பிடரியில் வந்து விழாது.

சக்கரத்தை இரண்டுக்கு உருட்டினார். வெளிச்சம் முழங்காலுக்கு இறங்கியது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, கிளம்பிட்டீங்களா, இல்ல இன்னும் கப்பலுக்குத்தான் ஏத்திக்கிட்டு இருக்கீங்களா?"

"கிளம்பிட்டேம்மா. ஆறரைக்குள்ள வந்திருவேன்."

"ஆள் வெச்சுக்கங்கன்னு சொன்னேன். கேட்டாத்தானே? உங்க கூட்டாளிங்க யாரும் வரலையா?"

"எவன் வீட்டையோ காலி பண்ணினேன். என் வீட்டைக் காலி பண்ண எனக்கு ஆள் எதுக்கு?"

"சரி சரி, வீராப்பு பேசாம மெதுவா வாங்க. உங்க பேரன் தூங்க மாட்டேங்கிறான். பத்து மாசத்துல இவனுக்கு எவ்வளவு அழுத்தம் பாருங்க, அப்படியே உங்களை மாதிரி."

அவர் சிரித்தார். காலி வீட்டு வாசலில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. மனைவி போய் நாலு மாசம். அந்த நாலு மாசமும் அவர் பேசியதெல்லாம் குழாயோடும் அடுப்போடும்தான். இனி அந்தப் பிள்ளையோடு பேசலாம்.

தெருமுனை திரும்பும்போதுதான் மனசில் ஒன்று நெருடியது.

கிட்டங்கி ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடு காலி பண்ணும் வேலை என்றால், கடைசிச் சாமான் ஏறியதும் ஒருவன் வண்டியிடம் நின்று "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று குரல் கொடுப்பான். இன்னொருவன் உள்ளே அறை அறையாகப் பார்த்துவிட்டு "அவ்ளோதான்!" என்பான். அந்தப் பதில் வராமல் பின்கதவைச் சாத்தக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது போல, அது பாட்டுக்கு நடக்கும். இன்றைக்கும் கை கதவின்மேல் இருக்க, வாய் தானாகக் கேட்டுவிட்டது: "வேற ஏதாச்சும் இருக்கா?" குரல் வெறும் அறைகளுக்குள் போனது. பதிலுக்காகக் காத்துக்கொண்டு வாசலில் மரம் மாதிரி நின்றார். உள்ளே யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல? தன் புத்தியைத் தானே நொந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

பதில் வாங்காமல் சாத்தியது இதுதான் முதல் தடவை.

ஊர் எல்லையில் காற்றடிக்கும் கடை. பாரத்துக்குத் தகுந்த காற்று வைக்க நிறுத்தினார். கடைக்காரர் பின்டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பெரியவரே, ஆனையை மடிச்சுப் போட்டு ஏத்தியிருக்கீங்களா?"

"நூத்து நாப்பது கிலோ தம்பி."

"யார்கிட்ட கதை விடுறீங்க? டயர் மூச்சு வாங்குது. நாலு தடியனுங்க ஏறி உக்காந்தாத்தான் இப்படி இருக்கும்." குனிந்து கண்ணாடி வழியே பார்த்தார். கட்டிலும் பெட்டியும்தான் தெரிந்தன. அவர் வாயிலிருந்த சிரிப்பு மெல்லப் போனது. காற்றை வைத்துவிட்டு, காசு வாங்க மறந்து உள்ளே போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வெட்டவெளி, நடுவில் கறுப்பாக நீண்டுகொண்டே போகிற ரோடு, வைப்பர் இழுத்து இழுத்துத் தேய்க்கிற சத்தம், அதற்கு அடியில் பின்பக்க ஸ்பிரிங்குகள் ஏதோ வயசானவர் கட்டிலில் புரண்டு படுப்பது போல முனகுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் வாசனையும் வந்தது. தைலம், டெட்டால், வெயில் படாத போர்வை. மனைவி படுத்திருந்த அறையின் வாசனை. போர்வையைப் பெட்டியில் வைத்தோமல்லவா, அதுதான் என்று சொல்லிக்கொண்டார். போர்வையை அவள் போன அன்றைக்கே எரித்தது அதற்கப்புறம் ஞாபகம் வந்தது.

பயப்படவில்லை. அதுதான் உண்மை. நாலு மாசத் தனிமை மனுசனை எதற்கும் தயாராக்கி வைத்திருக்கும்.

"நீதானா?" என்றார் கண்ணாடியைப் பார்த்து. "உன்னை விட்டுட்டுக் கிளம்பிட்டேன்னு கோபமா? வா, கூடவே வா. பேரனைப் பாக்கணும்ல?"

பின்னால் முனகல் நின்றது.

யாரோ காது கொடுத்துக் கேட்பது போல.

எதிரே வந்த லாரி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுத் திட்டிக்கொண்டே போனது. வெளிச்சம் மறுபடி மேலே ஏறியிருந்தது. சக்கரத்தை மூன்றுக்கு உருட்டினார். அதற்கு மேல் எண் இல்லை. ஸ்டியரிங் கைக்குள் காகிதம் போல லேசாக இருந்தது. முன்சக்கரம் ரோட்டைத் தொடுகிறதா என்றே தெரியவில்லை. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்பக்கம் தரையில் இடித்தது. அந்த இடி முதுகெலும்பு வழியாக ஏறி உச்சந்தலைக்கு வந்தது. மூட்டை தூக்கிய உடம்பு. கேட்காமலே எடை போட்டது.

சாமான் போக, இருநூறு. இருநூறுக்கும் மேல்.

அஞ்சு மாசம் தினமும் அவளை இரண்டு கையிலும் ஏந்திக் குளியலறைக்குக் கொண்டுபோனவர் அவர். கடைசி நாளில் அவள் முப்பத்திநாலு கிலோ.

இது அவள் இல்லை.

வண்டியை ஓரங்கட்டினார். மழையில் இறங்கிப் பின்கதவைத் திறந்து பட்டையை அவிழ்த்தார். கட்டிலை இழுத்துப் போட்டார். பெட்டிகளை. மிஷினை. பாத்திர மூட்டையை. எல்லாவற்றையும் ரோட்டோரச் சேற்றில் இறக்கிவிட்டு, மூச்சிரைக்க விலகி நின்று பார்த்தார்.

வண்டி எழும்பவில்லை.

உள்ளே விரிப்பு மட்டும். வெறும் விரிப்பு. அதன் நடுவே, பெரிய ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் விழுகிற அளவுக்கு ஒரு பள்ளம்.

பேரன் ஞாபகம் வந்தது. பத்து மாசம். தூங்காமல் காத்திருக்கிறான். இதை அங்கே கொண்டுபோகக் கூடாது. திரும்பிவிட வேண்டும். அந்த வெறும் வீட்டுக்கே. தான் அங்கே தனியாகக் கிடந்து மக்கினாலும் சரி, இது அந்தப் பிள்ளை பக்கம் போகக் கூடாது.

ஏறி உட்கார்ந்தார். "அவ்ளோதான்!" என்று கத்தினார். "அவ்ளோதான்! அவ்ளோதான்!" கேள்வி கேட்டவனே பதிலும் சொன்னால் செல்லுமா என்ன. சாவியைத் திருகினார்.

வெளிச்சம் சரேலென்று கீழே விழுந்தது. ரோடு போய்விட்டது. பானட்டுக்கு முன்னால் ஒரு முழம் மட்டும் தெரிந்தது.

பின்பக்கம் எழும்பிவிட்டது. கனம் முன்னால் வந்துவிட்டது.

டிங். டிங். டிங். டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு உருவம். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை. மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். எல்லா எண்ணும் மங்கியது. அந்தச் சிவப்பு மட்டும் மங்கவில்லை. அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை. சீட்டின் பஞ்சு மெதுவாக அமுங்குவது காதில் கேட்டது.

போன்.

"அப்பா, எங்கே இருக்கீங்க? மழை கொட்டுது, மனசு கேக்கல. நாங்களே எதிர்ல வந்துட்டோம். அதோ, உங்க வண்டி தெரியுது!"

"நிக்காதீங்க. திரும்பிப் போங்க. சொன்னாக் கேளும்மா—"

"என்னது? கேக்கல..."

கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடினார். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். போ, போ என்றார். எதிரே வந்த காருக்கு அது நிறுத்து என்று தெரிந்தது. நின்றது. மருமகன் குடையோடு இறங்கினான்.

"என்ன மாமா, நடுரோட்டுல கடை விரிச்சிட்டீங்க?"

"மாப்பிள்ளை, வண்டியை எடுங்க. எடுத்துட்டுப் போயிருங்க."

"மொதல்ல குடைக்குள்ள வாங்க. ஜன்னி கண்டிரப் போகுது."

முதுகுக்குப் பின்னால் அவருடைய கார் ஒரு பெருமூச்சு விட்டது. நாலு சக்கரத்திலும் நிமிர்ந்தது. டிங் சத்தம் நின்றுபோனது.

அவர் மழையைத்தான் பார்த்தார். இரண்டு காருக்கும் நடுவே ஓரிடத்தில் மட்டும் மழை தரைக்கு வரவில்லை. அந்த இடம் மகளின் காரை நோக்கி நகர்ந்தது.

மருமகன் குனிந்து தையல் மிஷினில் கை வைத்தான். மகள் முன்சீட்டில், கண்ணாடியில் படிந்த ஆவியை விரட்டக் ஏசிக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. பின்சீட்டில், குழந்தைக்கான குட்டி இருக்கையில், பெல்ட்டுக்குள் பேரன். விழித்திருந்தான். பக்கத்தில் எதையோ அண்ணாந்து பார்த்தான்.

கூவ வாயைத் திறந்தார்.

பேரன் சிரித்தான். தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினான்.

பெல்ட் தானாகக் கழன்றது. இரண்டு அக்குளிலும் சட்டை கசங்கிச் சுருண்டது. பிள்ளை இருக்கையை விட்டு மெதுவாக மேலே போனான். கால்கள் இரண்டும் அந்தரத்தில் ஆடின.